நான் கூப்பிட்டால் வருவார்கள்

நான்தான் அவர்களை வெளியே கூப்பிட்டேன். என் பேச்சை நம்பி வந்தார்கள். வந்தவர்களைச் சுட்டோம். பிறகு விசாரணையில் நின்று, "வெளியே வராதீர்கள் என்றுதான் கத்தினேன், கேட்காமல் ஓடி வந்தார்கள்" என்று சத்தியம் செய்து சொன்னேன். அது பொய்.

முகம் சுளிக்கிறீர்கள். சுளியுங்கள்! ஆனால் அவசரப்பட வேண்டாம். இது முதல் குற்றம் மட்டும்தான். இதற்குப் போர் என்று ஒரு பெயர் இருக்கிறது; மேலதிகாரியின் கட்டளை என்று ஒரு சாக்கு இருக்கிறது. இரண்டாவதற்கு ஒரு சாக்கும் கிடையாது. அதைச் சோமனூரில், சொந்தச் சனங்களுக்கு நடுவில், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, வயிறு நிறைய இட்லி தின்றுவிட்டுப் போய்ச் செய்தேன்.

என் பெயர் வேலுச்சாமி. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'மிலிட்டரிக்காரர்' என்றால்தான் தெரியும். அவிநாசித் தேருக்குப் போனால் கூட்டத்தில் என்னைத் தெரிந்தவர்கள், "மிலிட்டரிக்காரருக்கு வழி உடுங்க" என்று வடத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். நானும் மீசையைத் தடவிக்கொண்டு போய் நிற்பேன்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் படைப்பிரிவு இலங்கைக்குப் போயிற்று. எங்கள் குழுவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த ஊர் மக்களோடு பேச வேண்டுமென்றால் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். கோயமுத்தூர்க்காரன் வையும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் வைவான் என்று கேலி பேசுவார்களே, அந்தப் பேச்சுதான் என் பேச்சும். அங்கிருந்த சனங்களுக்கு அது பிடித்திருந்தது. துப்பாக்கி வைத்திருப்பவன் மரியாதையாகப் பேசுகிறானே என்று அவர்களுக்கு ஓர் ஆறுதல்.

ஒருநாள் காலை, சாலையில் புதைத்திருந்த குண்டு வெடித்து எங்கள் ஆட்கள் செத்தார்கள். அதில் ஒருவன் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். குண்டு வைத்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். பக்கத்தில் ஒரு சிற்றூர் இருந்தது. அந்த ஊர்ச் சனம் பயந்துபோய்ப் புகையிலை உலர்த்தும் கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டது. எங்கள் அதிகாரி கொட்டகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ கூப்பிடு. நீ கூப்பிட்டால் வருவார்கள்" என்று இந்தியில் சொன்னார்.

கூப்பிட்டேன்.

"உள்ள இருக்கறவங்க எல்லாரும் வெளிய வாங்க... பயப்படாதீங்க... ஒண்ணும் பண்ணமாட்டமுங்க. நானும் தமிழ்தானுங்க!"

கதவு திறந்தது. முதலில் ஒரு பெரியவர் வந்தார், சட்டையில்லாமல், இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு. அவருக்குப் பின்னால் பெண்கள், குழந்தைகள், சில ஆண்கள். பெரியவர் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். "தம்பி, நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தேன்... பக்கத்தில் துப்பாக்கி வெடித்தது.

'என்ன நடக்கப் போகிறது என்று உனக்குத் தெரிந்திருக்காது' என்று எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிடப் பார்க்கிறீர்கள். வேண்டாம், மூடுங்கள். தெரியும்! அதிகாரியின் முகத்தைப் பார்த்தபோதே தெரியும். என் இரு பக்கமும் இருந்தவர்கள் துப்பாக்கியைத் தயார் செய்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'சுட்டோம்' என்று சொல்லிக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டேன் அல்லவா? நானும் சுட்டேன். சிநேகிதன் செத்த ஆத்திரம் என்று வெகு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் இல்லை. எல்லோரும் சுடும்போது நான் மட்டும் சும்மா நின்றால் என்ன நினைப்பார்கள்? அந்தக் கூச்சத்துக்காகச் சுட்டேன். கூச்சத்துக்காக!

ஊர் மக்கள் புகார் கொடுத்ததால் விசாரணை என்று ஒன்று நடந்தது. கூடாரத்துக்குள் மேசை போட்டு ஒரு பெரிய அதிகாரி உட்கார்ந்திருந்தார். தப்பிப் பிழைத்தவர்கள் யாரையும் அழைக்கவில்லை. தமிழில் கத்தியவன் நான். என்ன கத்தினேன் என்று நான் சொல்வதுதான் சாட்சி. சண்டைக்குக் குறுக்கே ஓடி வந்து செத்தார்கள் என்று முடிவாயிற்று. சுடச் சொன்னவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வெளியே வந்ததும் அவர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். கொஞ்ச காலத்தில் என் சட்டைக் கையில் ஒரு பட்டை கூடியது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பென்ஷனோடு ஊர் வந்து சேர்ந்தேன். என் அக்காள் வீட்டுக்காரர் சோமனூரில் விசைத்தறிக் குடோன் வைத்திருந்தார். அதற்கு என்னை மேற்பார்வையாளனாகப் போட்டார். அங்கே தவமணி என்று ஒருத்தி வேலைக்கு இருந்தாள். இலங்கையிலிருந்து அகதியாக வந்தவள். தறிக்கு வேண்டிய நூலைக் குச்சியில் சுற்றும் வேலை. தறி ஓடும்போது காதருகே வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. ஆகவே இருவரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் மாதக்கணக்கில் என் குரல் அவள் காதில் விழவில்லை.

ஒரு மத்தியானம் மோட்டார் ஒன்று தீப்பிடித்துப் புகை கிளம்பியது. மின்சாரத்தை நிறுத்தியதும் தறிகள் எல்லாம் ஓய்ந்தன. நான் வாசலில் நின்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

"எல்லாரும் வெளிய வாங்க... பயப்படாதீங்க... ஒண்ணும் ஆகாதுங்க!"

எல்லாப் பெண்களும் ஓடி வந்துவிட்டார்கள். தவமணி மட்டும் வரவில்லை. உள்ளே போய்த் தேடினேன். நூல் சுற்றும் மெஷினுக்கு அடியில் குப்புறக் கிடந்தாள். தன் வாயைத் தானே பொத்திக்கொண்டிருந்தாள். புகையில் மூச்சு முட்டுகிறது. ஆனாலும் வரமாட்டேன் என்கிறாள்! தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் அந்தப் புகையிலைக் கொட்டகையிலிருந்து தப்பியவள்.

வேறு ஆட்கள் வந்துதான் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை. தொலைந்தது சனி என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை பெரிய பூமியில் இவளுக்கு என் குடோன்தானா கிடைத்தது என்று பல்லைக் கடித்தேன்.

ஆனால் வந்தாள். டீ குடிக்கும் நேரம் பார்த்து, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். என் கிட்டே வரவில்லை. தள்ளி நின்றுதான் பேசினாள்.

"அண்ணை, அண்டைக்கு எங்களைக் கூப்பிட்டது நீங்கள்தான் எண்டு எனக்குத் தெரியும். என்ர மனுசனும் பிள்ளையும் அங்கயே போயிட்டினம். உங்களில கோபமில்லை எண்டு சொல்லமாட்டன். ஆனால் செத்தவை செத்திட்டினம்... என்ர தம்பி இருக்கிறான்."

அவள் தம்பி குமரன் பஸ்ஸில் துணி மூட்டை ஏற்றும் வேலை செய்துவந்தான். அகதிகள் மேல் போலீஸின் கண் கடுமையாக விழுந்திருந்த காலம் அது. அவன் விந்தி நடப்பதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தொடையில் குண்டு பாய்ந்த தழும்பு. சண்டை போடாதவனுக்குக் குண்டுக் காயம் எப்படி வரும் என்று கேட்கிறார்களாம்.

"அவன் இயக்கத்தில இருந்தவன் எண்டு சொல்லுகினம். அது அண்டைக்குப் பட்ட காயம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே? நீங்கள் பட்டாளத்தில இருந்தனீங்கள். நீங்கள் வந்து ஒரு சொல்லுச் சொன்னால் விட்டிடுவினம். உங்களை ஆரும் ஒண்டும் செய்ய வேண்டாம் அண்ணை. அவனை விட்டாப் போதும்."

இவ்வளவுதான் அவள் கேட்டது. பழி வாங்க வரவில்லை. நியாயம் கேட்கவும் வரவில்லை. அந்தக் குண்டு என் துப்பாக்கியிலிருந்தே போயிருக்கலாம்... அதைக்கூட அவள் கேட்கவில்லை.

"சரிங்க அம்மணி. நாளைக்கே வாரேனுங்க. நீங்க அழுகாதீங்க" என்றேன்.

சொன்னபோது மெய்யாகவே போகத்தான் நினைத்தேனா? தெரியவில்லை. வீடு போய்ச் சேர்வதற்குள் மனது வேறு வழியில் திரும்பிவிட்டது. உண்மையைச் சொன்னால் பழைய பொய் வெளியே வரும். பென்ஷன், பட்டை, 'மிலிட்டரிக்காரர்' என்ற மரியாதை, மகளுக்குப் பார்த்துக்கொண்டிருந்த வரன்... எல்லாவற்றையும் நினைத்தேன். சும்மா இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். சும்மா இருந்தால் என்றாவது ஒருநாள் அவன் வெளியே வருவான். அவனும் அன்று என் குரலைக் கேட்டவன். அக்காளும் தம்பியுமாக இரண்டு சாட்சிகள்! அவன் உள்ளே இருந்தால், அவனை விடச் சொல்லி அவள் என்னைக் கெஞ்சிக்கொண்டே இருப்பாள், காட்டிக்கொடுக்க மாட்டாள்.

இப்படியெல்லாம் யோசித்தவன் அன்று ருசித்துச் சாப்பிட்டான் என்றால் நம்புவீர்களா? சாப்பிட்டேன்.

மறுநாள் அவளை நானே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். டிக்கெட் நானே எடுத்தேன். ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். உள்ளே போனதும் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று கை கொடுத்தார். பட்டாளத்துக்காரன் என்றால் அவ்வளவு மதிப்பு.

"அந்தப் பையனை எனக்கு நல்லாத் தெரியுமுங்க சார். அந்தப் பக்கத்துலதான் நான் இருந்தேனுங்க. துப்பாக்கி தூக்குனவன். எங்க ஆளுங்க செத்ததுல அவனுக்கும் பங்கு இருக்குதுங்க. அந்தக் காயம் சண்டையில பட்டது" என்றேன்.

"உங்களை மாதிரி ஆளு வந்து சொன்னாத்தான் எங்களுக்கும் தெம்புங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

வெளியே வந்தேன். தவமணி பாதி பன்னைக் கையில் வைத்தபடி எழுந்து நின்றாள்.

"சொல்லிப்போட்டேனுங்க அம்மணி. கொஞ்ச நாளாகும். தைரியமா இருங்க."

அவள் என் காலில் விழுந்தாள். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்று அவளைத் தூக்கிவிட்டேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று சொல்வார்கள். சொன்னவர்கள் என்னைப் பார்த்ததில்லை.

குமரனை வடக்கே ஒரு தனி முகாமுக்குக் கொண்டு போய் அடைத்தார்கள். தவமணி மறுபடி வேலைக்கு வந்தாள். என்னைக் கண்டு ஒளிவதை விட்டுவிட்டாள். நான் மனு எழுதித் தருவதாகச் சொல்வேன். ஆளைப் பார்த்துப் பேசியிருப்பதாகச் சொல்வேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். அவனுடைய தொடைக்குள் குண்டின் துண்டு ஒன்று இன்னும் இருந்திருக்கிறது. முகாமில் கவனிக்க ஆளில்லை. காயம் உள்ளுக்குள்ளே சீழ் பிடித்து, காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும்போதே செத்துவிட்டான். அன்றைக்கு அந்தக் கொட்டகை வாசலில் பாக்கி வைத்த வேலையை முடித்துக் கொடுத்தவன் நான்தான்.

செய்தி வந்த அன்று அவள் என்ன செய்தாள் தெரியுமா? எனக்கு ஆறுதல் சொன்னாள்!

"நீங்கள் போய்ச் சொல்லியும் அவங்கள் கேக்கேல்லை. அதுக்கு நீங்கள் என்ன செய்யிறது அண்ணை? மனசை விடாதேங்கோ."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஓநாய்க்கு மெய்யாகவே கண்ணீர் வந்தது... அதை மட்டும் எங்கேயும் சொல்லவில்லை.

உடலை வேனில் கொண்டு வந்தார்கள். நொய்யல் ஆற்றோரச் சுடுகாட்டில் சிதை அடுக்கினோம். தவமணியின் அகதி முகாமிலிருந்து வந்திருந்தவர்கள் பெண்களும் கிழவர்களும்தான். கட்டை அடுக்கியவர், "கொள்ளி வெக்கறது யாருங்க?" என்று கேட்டார். தவமணி என் பக்கம் திரும்பினாள்.

"எங்களுக்கு வேற ஆர் இருக்கினம் அண்ணை? நீங்களே வையுங்கோ."

மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து தலையை மழித்துக்கொண்டேன், மீசையையும் எடுத்தார்கள். பானையைச் சுமந்து சுற்றி வந்தேன். "செத்தவருக்கு நீங்க என்ன வேணுமுங்க?" என்று அந்த ஆள் கேட்டார். நான் வாய் திறக்குமுன் தவமணி, "அண்ணன்" என்றாள். நெருப்பை வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி திடுக்கிட்டுப் போனாள். "ஏனுங்க, நம்ம சனமா, சொந்தமா? நீங்க எதுக்குங்க மொட்டை போட்டுட்டு வந்து நிக்கறீங்க?" என்றாள். அக்காள் வீட்டுக்காரர் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெத்த புள்ளகூட இந்தக் காலத்துல இப்பிடிச் செய்யாது மாப்ளே!" என்றார். ஊரில் என் மதிப்பு இன்னும் ஒரு படி ஏறிவிட்டது. தலைமயிரும் மீசையும் சீக்கிரமே முளைத்துவிட்டன.

இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்கிறேன்? மன்னிப்பீர்கள் என்றா? மன்னிக்க நீங்கள் யார்! உங்கள் வீட்டில் யாரையும் நான் கொல்லவில்லையே. தண்டிப்பீர்கள் என்றா? என்னைத் தண்டிக்க வேண்டியவர்களே என் தோளில் தட்டிக்கொடுத்தும், கை கொடுத்தும்தான் அனுப்பினார்கள்.

வேண்டுமானால் நீங்கள் சோமனூருக்குப் போகலாம். தவமணி இன்றும் அதே குடோனில்தான் இருக்கிறாள். அவளைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொல்லிப் பாருங்கள். அவள் உங்களைத்தான் வைவாள். என் தம்பிக்குக் கொள்ளி வைத்த மனுசனைப் பற்றி இப்படிப் பேச உங்களுக்கு நாக்கு எப்படி வந்தது என்று கேட்பாள். யார் போய்ச் சொன்னாலும் நம்பமாட்டாள்.

நான் சொன்னால் நம்புவாள். அதனால்தான் இன்னும் சொல்லாமல் இருக்கிறேன்.