சந்தனம் ஒட்டாத கார்

புதுக் கார் வந்த அன்றே, பூஜைக்குக்கூடக் காத்திருக்காமல், நானே அதற்கு வேக்ஸ் பாலிஷ் போட்டேன். நிழலில் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகப் பூசி, காய்ந்ததும் மெல்லிய துணியால் துடைத்தேன். ஷோரூமில்கூட அது அப்படிப் பளபளக்கவில்லை.

மறுநாள் திருத்தணி மலைமேல் குருக்கள் பானெட்டில் சந்தனம் வைத்தார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. மறுபடி வைத்தார், மறுபடியும் இறங்கியது.

"சொன்னா கேக்கறியா? பூஜைக்கு முன்னாடியே தேச்சுகினு இருந்தா இப்படித்தான் ஆவும்," என்று கணவர் எல்லார் எதிரிலும் கடிந்துகொண்டார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "பெயிண்ட் மேல எதுவும் ஒட்டக் கூடாதுன்னுதானே போட்டேன்!"

குருக்கள் சந்தனத்தை நம்பர் பிளேட்டில் வைத்தார். பிறகு பானெட்டை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, என் ஸ்கூட்டருக்கும் இதைப் போட்டுத் தருவியா?"