தழும்பு விழுந்த கை

என் அக்கா ஆரோக்கியமேரியின் புருஷன் சூசைராஜ் மாமாவுக்கு உலகத்தில் ஒரே பயம்தான். அக்கா தனக்கு முன்னால் போய்விடுவாளோ என்ற பயம். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே இதயத்தில் கோளாறு. மாமாவோ அரசுத் தொழிற்சாலையின் வார்ப்படப் பட்டறையில் காலமெல்லாம் புகையையும் புழுதியையும் தின்று நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். மாடி ஏறினால் விசில் அடிக்கும். அதை அவர் ஒரு நோயாகவே மதித்ததில்லை.

ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து, தெலுங்கும் உருதும் புழங்கும் திருமுல்கேரியில் குடியேறியவர். ரிட்டயர் ஆன பிறகு விடிகாலையில் போவன்பள்ளி மார்க்கெட்டுக்கு பஸ் ஏறிப் போய் எங்கள் தெருவுக்கே தக்காளி வாங்கி வருவார். யாராவது குறை சொன்னால், "நக்கோன்னா வுடு, வேணாம்னா போ" என்று பையைப் பிடுங்கிக்கொள்வார். அவ்வளவு ரோஷம்.

எண்பத்திரண்டு நவம்பரில் தொழிற்சாலை டிஸ்பென்சரிக்குப் புதிதாக வந்த பாலச்சந்திரன் டாக்டர், வயசானவர்களுக்கு ஃப்ளூ காய்ச்சல் ஊசி வரவழைத்தார். மாமாவும் அக்காவும் சேர்ந்தே போட்டுக்கொண்டார்கள். அக்கா கையில் மறுநாளே அடையாளம் தெரியவில்லை. மாமாவுக்கு அரிப்பு. சும்மா இருப்பாரா மனுஷன்? சொறிந்து சொறிந்து, சீழ் பிடித்து, எட்டணா அகலத்துக்குத் தழும்பாகிவிட்டது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் காலத்தில் அம்மை குத்துகிறவர் சில நாள் கழித்துத் திரும்பி வந்து கையைப் பார்ப்பார். கொப்புளம் வந்திருந்தால் "பிடிச்சுக்கிச்சு" என்று போய்விடுவார். இல்லையென்றால் மறுபடி குத்துவார். அந்த வழக்கத்தை மாமா இந்த ஊசிக்கும் வைத்துக்கொண்டார். சட்டைக் கையைத் தூக்கித் தெருவெல்லாம் காட்டினார், மச்சினி எனக்கும்தான்.

"பாரு லூர்து, எனக்கு எப்படிப் பிடிச்சிருக்குது! உங்க அக்காவுக்குத்தான் பிடிக்கல. வுடமாட்டேன்."

விடவும் இல்லை. வருஷா வருஷம் நவம்பரில் அக்காவை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போவார். அவள் உள்ளே ஊசி போட்டுக்கொள்ள, அவர் வெளியே பெஞ்சில் அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்தபின் தினமும் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தழும்பைக் காணாமல் முகம் வாடிப்போகும்.

எண்பத்தைந்தில் நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"சூசைராஜ், நீங்களும் வாங்க. இது வருஷா வருஷம் போடணும். இந்தக் கிருமி மாறிக்கிட்டே இருக்கு. பழைய ஊசியோட பலமும் குறைஞ்சிடும்."

"ஹவ் சார், ஆமா. அதுக்குத்தானே இவளக் கூட்டியாந்தேன். எனக்கு நல்லாப் பிடிச்சிருச்சு சார்."

"அது நீங்க சொறிஞ்ச தழும்புய்யா!"

மாமா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டாக்டர் கூப்பிடறாரு, உள்ள போங்களேன் மாமா" என்று கத்தினேன்.

"நீ சும்மா கெட. என்னோடத வேற யாருக்காச்சும் போடட்டும், பாவம்" என்று பையை இறுக்கிக்கொண்டார்.

அடுத்து வந்த ஜனவரியில் தெரு முழுக்கக் காய்ச்சல். அக்காவும் லேசாக இருமினாள். மாமா அரண்டுபோய்க் கஷாயமும் கையுமாக அவள் தலைமாட்டை விட்டு நகரவில்லை. அவள் எழுந்துவிட்டாள், அவர் படுத்துவிட்டார். சளி கட்டி நிமோனியா ஆகி, ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். அந்த மூச்சுத் திணறலிலும் என்னிடம், "மேரிக்கு... இந்த வாட்டியாச்சும்... பிடிச்சிருக்குதா பாரு" என்றார். அவரை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. மனுஷன் பிழைக்கவில்லை.

அடக்கத்துக்கு வந்த டாக்டரிடம் அக்கா ஒன்றுதான் கேட்டாள். "தழும்பே இல்லாத நான் எப்படி சார் தப்பிச்சேன்?" அவர் தயங்கி, "வருஷா வருஷம் போட்டீங்கல்ல, அதுவும் காரணமா இருக்கும்மா" என்றார்.

மறு நவம்பரில் அவளாகவே புடவை மாற்றிக்கொண்டு வந்து என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தவள் பெஞ்சைப் பார்த்து நின்றுவிட்டாள். அங்கே அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

"இதே எடத்துலதாண்டி உக்காந்திருந்தாரு. எனக்காக வாசப்படி வரைக்கும் வந்தவருக்கு உள்ள வரத் தோணலையே."

எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. என் வீட்டுக்காரரும் அதே தொழிற்சாலைதான். அந்த ஊசியை நான் அதுவரை போட்டதில்லை. அக்கா என் மடியிலிருந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"எழுந்திரு லூர்து. உள்ள போ."