எச்சில் பட்ட பீச் பழம்

குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் ஒற்றி, பீச் பழத்தின் கன்னத்தை மெல்லத் துடைக்கிறார் ரஞ்சினி. பழம் ஓவியத்தில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் யாரோ எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது. பஞ்சு கறுத்ததும் எறிந்துவிட்டு அடுத்ததைச் சுற்றுகிறார். பழைய ஓவியங்களில் படிந்த அழுக்கை எடுக்க எச்சிலைப் போல இதமான மருந்து இல்லை என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். "கடையில விக்காத சாமான், என்ரை வாயிலை ஊறுது" என்று சிரிப்பார். அதற்காகக் காலைக் கோப்பியையும் தள்ளிவைத்து, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் மெரிலேண்ட்ஸ் ஊரில் தன் வீட்டுக் கராஜுக்குள் வேலைக்கு நுழைவார்.

வாய்த்த கணவரோ எச்சில் என்றால் காத தூரம் ஓடுகிறவர். கலியாணத்தில் பால்பழம் கொடுத்தபோது, மணப்பெண் கடித்த மிச்சம் வேண்டாமென்று தனிப் பழம் கேட்ட மனிதர் அருந்தவன். அன்றிலிருந்து இன்றுவரை மனைவியின் கோப்பையில் ஒரு மிடறு குடித்ததில்லை. "வெள்ளைக்காரன்ரை பழம் முழுக்க எச்சில் பண்ணிப்போட்டீர்" என்று கராஜ் வாசலில் நின்று கேலி செய்வார்.

"உங்களை ஆர் தின்னச் சொன்னது?" என்று உள்ளிருந்து பதில் வரும்.

இப்போது அந்தக் கேலி இல்லை. தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வைத்ததில் அருந்தவனின் வாயில் எச்சில் ஊறுவது அனேகமாக நின்றுவிட்டது. நோய் போனது, சாப்பாடு இறங்கவில்லை. சோறு மண்ணாக இருக்கிறதாம். விழுங்கவும் பயம். வெள்ளிக்கிழமைக்குள் வாயால் சாப்பிடத் தொடங்காவிட்டால் மூக்குக் குழாயைத் திரும்பப் போடவேண்டிவரும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அந்தக் குழாய் மறுபடி வரக்கூடாதென்று ரஞ்சினி பப்பாசி, மாம்பழம், பீச் என்று குசினி நிறைய வாங்கி வைத்துக்கொண்டு கெஞ்சுகிறார்.

"ஒரேயொரு துண்டு, எனக்காக."

"நாளைக்குப் பாப்பம்."

வியாழன் மாலை, இந்த நாட்டில் கோடையான ஜனவரி மாத வெக்கையில், அருந்தவன் கராஜுக்கு வந்து கதிரையில் அமர்ந்தார். ஓவியத்துப் பீச்சின் ஒரு பாதி இன்னும் புகைபிடித்த சட்டி நிறம். துடைத்த பாதி செக்கச் செவேலென்று, மேலே ஒரு நீர்த்துளியோடு. அவர் அதையே நெடுநேரம் பார்த்தார்.

"உது நல்லாப் பழுத்திட்டுது போல."

பல வாரங்களுக்குப் பிறகு அவர் ஒரு பழத்தைப் பற்றி வாய் திறந்தது அப்போதுதான். ரஞ்சினிக்குக் கண் கலங்கிவிட்டது. குச்சியைப் போட்டுவிட்டுக் குசினிக்கு ஓடினார். கையைக் கழுவி, ஆகப் பழுத்ததாக ஒரு பீச்சை எடுத்தார். புளித்துத் தொலைத்தால் மனிதர் இனிமேல் பழத்தையே தொடமாட்டாரே என்ற பயத்தில், வரும் வழியிலேயே ஒரு கடி கடித்துப் பார்த்தார்.

"தேன் மாதிரி இருக்கப்பா!" என்று நீட்டிய பிறகுதான் கடித்த இடம் கண்ணில் பட்டது. "ஐயோ, எச்சில் பண்ணிப்போட்டன். பொறுங்கோ, வேறை கொண்டு வாறன்."

திரும்பியவரின் மணிக்கட்டை அருந்தவன் பிடித்தார். பழத்தை வாங்கி, மனைவி கடித்த பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, அங்கேயே வாய்வைத்து உறிஞ்சினார்.