சோளக்காட்டுப் பக்கம்

எங்கள் தோட்டத்தில் புடலைப் பந்தலுக்கும் சோளக்காட்டுக்கும் நடுவே ஒரு வண்டித்தடம்தான். தீட்டு நாளில் பெண்கள் பந்தலுக்குள் வரக்கூடாது, வந்தால் பிஞ்சு வெம்பிவிடும் என்பது கட்டு. அந்த நாட்களில் அவர்கள் தடத்தைத் தாண்டிப் போய்ச் சோளத்தில் களை எடுப்பார்கள், மாட்டுக்குச் சோளத்தட்டு அறுப்பார்கள். கூலியில் குறைவில்லை. ஆனால் யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்தாலே போதும், எல்லாம் தெரிந்துவிடும். நெருப்பெரிச்சல் ஊருக்குச் சைக்கிளில் போகிறவனுக்குக்கூடத் தெரியும்.

நான் அப்போது எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, வீட்டுக்குள் அடைந்து கிடக்கப் பிடிக்காமல் தோட்டத்திலேயே திரிந்துகொண்டிருந்தேன். "செடிக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று வேலைக்கு வரும் மூத்த அக்காவிடம் கேட்பேன். "அதையவே கேளுங்க அம்மிணி, படிச்சவங்களுக்குச் சொன்னாலும் சொல்லும்" என்பார். பேரன் எடுத்தவர் அவர்.

இன்னொருத்தி இளையவள். புடலங்காய் சுருளாமல் நேராக இறங்குவதற்காக நுனியில் கல் கட்டுவது அவள் வேலை. பனியன் கம்பெனிக் கழிவுத் துணியைக் கிழித்து மடியில் வைத்திருப்பாள். கல்யாணமாகி வெகுநாளாகியும் குழந்தை இல்லை. தைக்குள் ஒன்றும் தங்காவிட்டால் மகனுக்கு வேறு பெண்ணைக் கட்டிவைப்பது என்று மாமியார் மடத்துக்குளத்தில் பார்த்தும் வைத்திருந்தாள்.

அந்த ஐப்பசியில் இளையவள் தடத்தைத் தாண்டவில்லை. கார்த்திகையிலும் தாண்டவில்லை. யாரும் கேட்கவில்லை. மூத்தவர் மட்டும் அவள் கையிலிருந்த தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கிக்கொண்டார். "நீ குனியாத புள்ள. மேல தொங்கறதப் பாரு, போதும்." மாமியார் தூக்குப்போசியில் முட்டை வைத்து அனுப்பத் தொடங்கினாள்.

மார்கழியில் ஒரு முற்பகல், கல் கட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். பந்தல் காலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு துணிக்கிழிசல்களை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே நடந்தாள். தடத்தருகே போனவளுக்கு அதற்குமேல் கால் வரவில்லை. தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

மூத்தவர் காய்க்கூடையை இறக்கிவைத்தார்.

"ஏனுங்க சாமி, எனக்கும் இன்னிக்குப் பந்தலுக்குள்ள ஆகாதுங்க. நானும் அந்தப் பக்கம் போறேனுங்க."

மூத்தவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அப்பா மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டே, "செரி, போங்க" என்றார். இருவரும் சேர்ந்து தடத்தைத் தாண்டினார்கள். அன்று மூத்தவர் அவளை வரப்பில் உட்காரவைத்துவிட்டு இரண்டு பேர் தட்டையும் தாமே அறுத்தார்.

தை பிறந்ததும் மாமியாரும் மகனும் மடத்துக்குளத்துக்கு பஸ் ஏறினார்கள். நான் கொதித்துப்போய் இளையவளிடம் ஓடினேன்.

"ரெண்டாங் கல்யாணம் சட்டப்படி செல்லாதுக்கா. மனு நான் எழுதறேன், நீங்க கைநாட்டு வெச்சாப் போதும்."

"அவரை உள்ள வெச்சாலும் நான் அந்த ஊட்டுலதானுங்க அம்மிணி இருக்கோணும்" என்றாள். மடியிலிருந்த துணியைக் கிழித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க வேறொண்ணு செய்யுங்க. இனி எந்த நாளா இருந்தாலும் நான் பந்தல்லயே இருந்துக்கறேன்னு உங்க ஐயன்கிட்டச் சொல்லுங்க. மாசாமாசம் ஊரே பாக்க அங்க போயி நிக்க என்னால முடியாதுங்க."

அப்பாவிடம் ஒரு பெண் பேசக்கூடிய பேச்சல்ல அது. சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நான் என்ன, நாளு எண்ணிக்கிட்டா இருக்கறேன்? அவ எங்க வேணா நிக்கட்டும், போ."

அதன்பின் இளையவள் சோளக்காட்டுப் பக்கம் போனதே இல்லை. மாசிக் கடைசியில் ஒரு காலை, பந்தலின் தெற்கோரத்தில் நாலைந்து பிஞ்சுகள் வெம்பித் தொங்கின. பூச்சியாக இருக்கலாம், வெயிலாகவும் இருக்கலாம். மூத்தவர் பிஞ்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அந்தக் கட்டுப்பாட்டை முழுக்க நம்பியவர் அவர். அப்பா கிணற்றடியிலிருந்து வருவதற்குள் எல்லாவற்றையும் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு எருமைக்கு வைக்கப் போய்விட்டார்.