‘க’ போட்ட பேச்சு

நெட்டை அந்தப் பேச்சை டாக்டர் மகனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாது. முப்பது வருடமாக வெல்டருக்கு இது ஆறவே இல்லை.

எட்டாம் வகுப்பில் நெட்டையும் வெல்டருமாகக் கட்டிய பேச்சு அது. ஒவ்வோர் அசைக்கும் முன்னால் ஒரு ‘க’ போட வேண்டும். ‘நீ வா’ என்றால் ‘கநீ கவா’. ஊர் உலகத்துப் பிள்ளைகளெல்லாம் இப்படிப் பேசித் திரிந்தவர்கள்தான் என்று பின்னால் தெரிந்தும் வெல்டர் மனம் இறங்கவில்லை.

அடுத்த வருடம் நெட்டை கிடுகிடுவென வளர்ந்தான். கோல் காக்க ஆள் வேண்டுமென்று கால்பந்துக் கோஷ்டி அவனைக் கொத்திக்கொண்டு போனது. சைக்கிள் ஷெட்டின் நிழல் அந்தக் கோஷ்டிக்குத்தான். மற்றவன் வெயிலில் நிற்க வேண்டும். ஒரு மதியம் இரண்டு பேருக்கான சாப்பாட்டு டப்பாவோடு வெல்டர் அங்கே போனான். கோஷ்டியில் இருந்த டாக்டர் மகன் திரும்பிக்கூடப் பார்க்காமல், “கவந் கதுட் கடான்” என்றான். வந்துட்டானாம். கோஷ்டி விழுந்து விழுந்து சிரித்தது. நெட்டையும் சிரித்தான்.

“சும்மா விளையாட்டுக்குடா,” என்றான் மறுநாள்.

“யார் சொத்தை யாருக்குடா குடுத்த?”

“பேச்சுல என்னடா சொத்து?”

வெல்டர் அந்த வருடத்தோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு வெல்டிங் பட்டறையில் சேர்ந்தான். நெட்டை பஸ் டிரைவரானான். ஏறுகிறவனெல்லாம் அவனுக்கு மாப்ளே, மச்சான். வேலை முடிந்தால் பட்டறைக்கு வந்து கவிழ்த்த வாளி மேல் உட்காருவான். “நேத்து நம்ம பசங்களோட…” என்று ஆரம்பித்தால் போதும், வெல்டர் முகமூடியை இறக்கிவிட்டுப் பொறி பறக்க வைப்பான்.

நெட்டைக்கு ஈரல் கெட்டது. ஆஸ்பத்திரி அறையில் கோஷ்டி கட்டிலைச் சுற்றி நின்றது. இருந்த ஒரே நாற்காலியில் டாக்டர் மகன், வழுக்கையும் தொந்தியுமாக. பழைய கோல் கதை ஓடியது. வெல்டர் கதவோரம் கடுகடுவென்று நின்றான்.

நெட்டை அவனைப் பார்த்து மெல்ல, “கடீ கவாங் ககி கவா,” என்றான்.

“என்னப்பா உளர்றான், நர்ஸைக் கூப்பிடவா?” என்றான் டாக்டர் மகன்.

மறந்தே போயிருந்தார்கள், அத்தனை பேரும். வெல்டருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பிறகுதான் சொன்னது உறைத்தது. டீ வாங்கி வா.

“கயா கருக் ககு?” யாருக்கு என்று வெல்டர் கேட்டான்.

நெட்டையின் கண் நாற்காலிப் பக்கம் போனது. அந்தப் பேச்சிலேயே இழுத்து இழுத்துச் சொன்னான். கடைசியாக அவன் வெல்டரிடம் கேட்டது அதுதான்: கோஷ்டிக்கு டீ, டாக்டர் மகனுக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல்.