மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

என் தங்கை டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாதவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவள் உத்தியோகம். அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் கத்தாமல் உட்கார்ந்திருப்பாள். "எதிர்ல லாரி வருதா? வரட்டும். நீங்க பதறாதீங்க, நான் இருக்கேன்ல" என்பாள். படிக்க வருகிறவர்கள் அவளுக்கு பிரேக்கம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். என்னிடம் அந்தப் பொறுமை கிடையாது. நானாக இருந்தால் முதல் நாளே இறங்கி நடந்து வந்திருப்பேன்.

அவள் வீட்டுக்காரர் ரோட்டில் கோடு போடுகிறவர். வெள்ளைக் கோடு, மஞ்சள் கோடு, அம்புக்குறி, நடந்து கடக்கிற இடத்துப் பட்டை எல்லாம் அவர் கைவேலை. அவர் போட்ட கோட்டைத் தாண்டக் கூடாதென்று ஊருக்கு அவள் பாடம் நடத்துவாள். இப்படி ஒரு ஜோடிப் பொருத்தம் யாருக்கு அமையும்? அவர்களுக்கு நாலு வயதில் ஒரு பெண். ஆள் சின்னது என்பதால் சுண்டு. பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, கோடு! நிறுத்து!" என்று அதிகாரம் பண்ணும்.

போன குளிர்காலம் முடிகிற நேரத்தில் தங்கைக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தவள்தான், அங்கேயே தங்கிவிட்டேன். மருந்து ஏற்ற ஏற்ற அவளுக்கு முடி போயிற்று, சாப்பாடு போயிற்று, உடம்பில் இருந்த எதிர்ப்புச் சக்தியும் போயிற்று. பக்கத்தில் யாராவது தும்மினாலே ஆபத்து என்றார் டாக்டர். அந்த நேரம் பார்த்துச் சுண்டுவுக்குச் சளி. நாங்கள் பிடிப்பதற்குள் கட்டிலில் ஏறி அம்மா கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டாள். மறுநாளே தங்கைக்குக் காய்ச்சல் கொதித்தது. ஆம்புலன்ஸ் வந்தது. மாடிப்படி வளைவில் ஸ்டிரெச்சர் திரும்பாமல் அந்த ஆட்கள் திண்டாடினார்கள். குழந்தை என் இடுப்பிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கை பிழைத்துக்கொண்டாள். அவள் வீடு திரும்புவதற்கு முன்னால் மாப்பிள்ளை வேலையிலிருந்து ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட் கொண்டுவந்து, படுக்கையறை வாசலில் குறுக்கே ஒரு கோடு போட்டார். வீட்டுக்குள் யாராவது ரோட்டு பெயின்ட் அடிப்பார்களா? வேறொருவர் கதவைச் சாத்தியிருப்பார், இல்லாவிட்டால் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டிருப்பார். இவருக்குத் தெரிந்தது கோடுதான்.

"சுண்டு, இது என்ன?"

"கோடு."

"கோடு வந்தா?"

"நிக்கணும்."

"அம்மாவுக்கு உடம்பு சரியாகற வரைக்கும் இதைத் தாண்டக் கூடாது. சரியா?"

"சரி."

வேறு பிள்ளையாக இருந்தால் அன்று மத்தியானமே தாண்டியிருக்கும். இது பிரேக்கம்மா பெற்ற பிள்ளை. கால் கட்டைவிரல் கூடக் கோட்டில் படாமல் நிற்கும். அங்கிருந்தே பொம்மையைக் காட்டும், பாடும், அம்மா கையசைத்தால் கையசைக்கும். நாங்களும் சமர்த்து, தங்கம் என்று உச்சிமேல் வைத்துக் கொண்டாடினோம்.

வெயில் குறைந்து மரங்களில் இலை பழுக்கத் தொடங்கியபோது டாக்டர், "இனிமே பயமில்ல. எல்லார் மாதிரியும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் பெயின்ட் தின்னரும் தகடுமாக உட்கார்ந்து கோட்டைச் சுரண்டினார். லாரி ஏறினாலும் அழியாத பெயின்ட் அது. இவர் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். அழியாமல் கிடந்த மஞ்சளின் மேல் ஒரு மிதியடியைப் போட்டு மூடினார்.

தங்கை கட்டிலில் உட்கார்ந்து மடியைத் தட்டிக் கூப்பிட்டாள். "வாடி என் செல்லம். அம்மாவுக்குச் சரியாயிடுச்சு."

சுண்டு மிதியடி வரைக்கும் வந்து நின்றாள். "சரி" என்றாள். பிறகு திரும்பி ஓடிவந்து என் முட்டியைக் கட்டிக்கொண்டாள்.

அன்றைக்குச் சிரித்தோம். போகப் போகப் பழகிவிடும் என்றோம். பழகவில்லை. அம்மா அறையில் இருந்தால் இவள் வாசலில். அம்மா சோபாவில் இருந்தால் இவள் ஜன்னலோரம். கோபமா என்றால் அதுவும் இல்லை. எட்ட நின்று கதை கதையாகச் சொல்வாள், அம்மா சொல்லும் ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரிப்பாள். கை நீட்டினால் மட்டும் ஆள் இருக்க மாட்டாள். பொம்மை வாங்கிக்கொடுத்துப் பார்த்தோம். கண்ணாமூச்சி ஆடிப் பார்த்தோம். நான் ஒரு தடவை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

இதற்கு நடுவில்தான் நன்றி சொல்லக் கிளம்பினோம். அது தங்கையின் யோசனை. "குளிர் வந்துட்டா யாரும் கதவத் தொறக்க மாட்டாங்கக்கா. அதுக்குள்ள எல்லாரையும் நேர்ல பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடணும்" என்றாள். பெட்டியிலிருந்து கம்பளிச் சட்டைகளை எடுத்து உதறினோம். சுண்டுவுக்குப் போன வருஷத்துச் சட்டையின் கை முழங்கைக்கு ஏறிவிட்டது. தங்கைக்கு அவள் சட்டையே இன்னொரு ஆளையும் உள்ளே விடலாம் போல் தொளதொளத்தது. சனிக்கிழமைகளில் நாலு பேரும் இலையை மிதித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனோம்.

முதலில் தங்கைக்கு ஊசி போட்ட நர்ஸ் வீடு. சுண்டு நேராகப் போய் அந்த அம்மாள் மடியில் ஏறிக்கொண்டு, "ஊசி எங்க வச்சிருக்கீங்க?" என்று விசாரித்தாள். அதற்கடுத்த வாரம் ஒரு தையல்காரர். தங்கையிடம் கார் படித்தவர். டெஸ்டில் தோற்பதையே தொழிலாக வைத்திருந்தவர். ஒரு நாள் மாப்பிள்ளை வெளியூர் ரோட்டில் வேலையாக இருந்தபோது தங்கைக்கு மூச்சு வாங்கியது. பாடத்துக்கு நாள் கேட்க வந்த இந்த மனுஷன்தான் எல் போர்டு வண்டியில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நான் பின் சீட்டில் குழந்தையோடு இருந்தேன். தங்கை பேச முடியாத நிலையிலும், "இண்டிகேட்டர் போடுங்க... கண்ணாடியப் பாருங்க" என்று முனகிக்கொண்டே வந்தாள்.

"அன்னிக்கு ஓட்டினதுல பாதியாவது டெஸ்ட்ல ஓட்டியிருந்தா பாஸாகியிருப்பேன் மேடம்" என்றார் தையல்காரர்.

"அன்னிக்கு எப்படிப் போனோம்னு எனக்குத்தான் தெரியும். ஒரு சிக்னல் விடாம மதிச்சீங்க. எனக்கு உயிரு போயிட்டு இருக்கு, நீங்க ஆரஞ்சுக்கே நிறுத்தறீங்க."

எல்லாரும் சிரித்தோம். தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது. சுண்டு என்ன நினைத்தாளோ, தையல் மெஷின் மேல் ஏறி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு சத்தமாக ஒரு முத்தம் வைத்தாள். தங்கை முகத்தில் ஈயாடவில்லை.

திரும்பி வரும்போது மாப்பிள்ளையும் குழந்தையும் முன்னால் போக, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள்.

"சத்தம் கேட்டுச்சாக்கா? அந்த மாதிரி ஒண்ணு. எனக்கு அது போதும்."

"குழந்தைதானேடி. மறந்துபோச்சு. வருவா."

"நீ சுலபமா சொல்லுவ. உன்னையத்தானே கட்டிப்பிடிச்சுத் தூங்கறா."

எனக்குச் சுருக்கென்றது. நானா என்கிட்ட படுத்துக்கோ என்று பிள்ளையைக் கேட்டேன்? பதில் வாய் வரைக்கும் வந்தது. அவள் கை என் கைக்குள் குச்சி மாதிரி இருந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும், அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறேன், நான் இல்லாவிட்டால் பிள்ளை தானாக உன்னிடம் வரும் என்றேன். தங்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைதான் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"இது நான் பண்ணினதுதான், அக்கா. கோடு போடத் தெரிஞ்சுது. அவ மனசுலேருந்து எப்படி எடுக்கறதுன்னு தெரியல."

எனக்கு மட்டும் தெரியுமா என்ன? நானும் ஒரு துணியை எடுத்துத் தட்டுகளைத் துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பு முழுக்கக் கீழே இறங்கி இலை வாரியது. முற்றத்தைச் சுற்றி நிற்கும் பெரிய மரங்கள் ஒரு வாரத்தில் மொத்தத்தையும் கொட்டியிருந்தன. ஆளுக்கொரு இலைவாரியும் சாக்குமாக வந்தார்கள். மாப்பிள்ளை இலைக் குவியல்களைக்கூட வரிசை பிசகாமல் போட்டார். "இதுக்கும் அளவு டேப் வேணுமா?" என்று கீழ்வீட்டுக்காரர் கேலி பண்ணினார். பிள்ளைகள் குவியலுக்குக் குவியல் குதித்து அவர் வரிசையைக் கலைத்தன. தங்கை கம்பளித் தொப்பியும் கையுறையுமாகக் கடைசிக் குவியலுக்குப் பின்னால் மண்டியிட்டுச் சாக்கில் இலையை அள்ளிக்கொண்டிருந்தாள். உடம்பு தேறி அவள் குனிந்து நிமிர்ந்து செய்த முதல் வேலை அது. செய்யட்டும் என்று விட்டுவிட்டோம்.

சுண்டு அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தாள். குவியலுக்குப் பின்னால் அம்மா இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. ஒரே தாவு. இலையோடு இலையாகப் போய்த் தங்கை மேல் விழுந்தாள். இரண்டு பேரும் சரிந்தார்கள். நான் பதறிப்போய் ஓடினேன். ஓடியவள் பாதியில் நின்றேன்.

தங்கை அவளைச் சேர்த்து அணைத்திருந்தாள். குழந்தை திமிறவில்லை, கத்தவில்லை. அம்மாவின் கழுத்தை இரண்டு கைகளாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். மாப்பிள்ளை கையிலிருந்த வாரியைக் கீழே போட்டுவிட்டார். தங்கை அந்தத் தலையை முகர்ந்து முகர்ந்து அழுதாள், "என் கண்ணு, என் கண்ணு" என்று அரற்றினாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. யாருக்கு என்று இல்லாமல் நன்றி நன்றி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். இனி நிம்மதியாக ஊருக்குப் போகலாம்.

அப்போதுதான் குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். காது வரைக்கும் சிவந்திருந்தது. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன.

"விடுடி!" என்று கத்தினேன். "பிள்ள மூச்சு விடல!"

தங்கை பயந்துபோய்க் கையை எடுத்தாள். சுண்டு எழுந்து ஓடினாள். என்னைத் தாண்டி, பெஞ்சையும் தாண்டிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, பெரிதாக மூச்சு விட்டாள். இருமினாள். அந்த இருமலையும் சட்டைக் கையில் மூடிக்கொண்டு இருமினாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா, அம்மா மேல படலயே?"

"என்னதுடா?"

"என் மூச்சு."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். தங்கை இலைக்குள் மண்டியிட்டபடியே இருந்தாள். தொப்பி கழன்று விழுந்திருந்தது. புதிதாக முளைத்த குட்டை முடியில் இலைத் தூள் ஒட்டியிருந்தது.

"பட்டாலும் ஒண்ணும் ஆகாது கண்ணு" என்றாள். "டாக்டரே சொல்லிட்டாரு. அம்மாவுக்கு முழுசாச் சரியாயிடுச்சு."

"சரி" என்றாள் சுண்டு. எப்போதும் சொல்கிற அதே சரி. அவள் நம்பவில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டோம், வேறு என்ன செய்வதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

குழந்தை அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கும் அந்த அணைப்பு வேண்டியிருந்தது. முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. இவ்வளவு நாளும் எங்களுக்கு ஏன் தெரியாமல் போயிற்றோ.

"அம்மா, மூச்சப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு தடவ வரட்டுமா?"

அப்படி வராதே என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ மாப்பிள்ளையோ சொல்லியிருக்கலாம். இருவரும் தங்கை முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வாடா" என்றாள் தங்கை.

சுண்டு கன்னம் உப்ப மூச்சை இழுத்து, வாயை மூடிக்கொண்டு ஓடினாள்.