கல்லு வச்சாச்சா?

அந்தக் காரில் ஏறி உட்கார்ந்தால் காலுக்குக் கீழே சாலை ஓடுவது தெரியும். உப்புக் காற்று தின்ற தகரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் மேல் ஒரு பலகைத் துண்டு போட்டிருக்கும். அதில்தான் நான் கால் வைத்துக்கொள்வேன். பலகைக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் கிடக்கும். ஹேண்ட் பிரேக் பிடிக்காது, கியரில் போட்டு நிறுத்தினாலும் சரிவில் கொஞ்ச நேரத்தில் நழுவிவிடும் என்பதால், வண்டி நின்றதும் நான் இறங்கி அந்தக் கல்லைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். "கல்லு வச்சாச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "வச்சாச்சு" என்று நான் சொன்ன பிறகுதான் அவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார்.

அவர் எங்கள் ஹெட் கிளார்க். நாங்கள் அண்ணாச்சி என்போம். எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த புதிது. நான் பதினொன்றாம் வகுப்பு முடித்துவிட்டு ஒரு கப்பல் ஏஜெண்ட் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை. ஊரிலிருந்து துறைமுகத்துக்குப் பஸ் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அண்ணாச்சி தினமும் காலையில் என்னையும் இன்னும் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போவார்.

ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அவர் வாங்கிய கார் அது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, உப்பு ஒட்டாமல் துடைப்பார். புதுசு வாங்கலாமே என்று யாராவது கேட்டால் சிரிப்பார். "புது வண்டி நின்னா ஏன் நின்னுச்சின்னே தெரியாதுல. இவ அப்படி இல்ல. ரெண்டு நாளைக்கு முன்னாலயே முனங்க ஆரம்பிச்சிருவா. மூடியத் தெறந்தா எல்லாம் கைக்கு எட்டும்." ஓட்டும்போது பேச்சை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்து என்ஜின் சத்தத்தைக் கேட்பார். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் அந்தச் சத்தத்தை வைத்தே மணி சொல்வார்கள். ஜன்னல் வழியாகக் கடல்காற்று வரும். தோல் ஸீட்டும் பெட்ரோலும் கலந்த ஒரு வாசனை. இன்று யோசித்தால், என் வாழ்க்கையில் அவ்வளவு சுகமாக நான் வேலைக்குப் போனதே இல்லை.

ஆனால் அன்று எனக்கு அந்தக் காரைப் பற்றி வெட்கமாக இருந்தது. நான் கூச்சக்காரன். பஸ்ஸில் போனால் யாரும் நம்மைப் பார்க்க மாட்டார்கள். அந்தக் காரில் போனால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

கூட வேலை செய்த ஒருவனுக்கு ஆலந்தலையில் கல்யாணம். எல்லோரும் அண்ணாச்சி காரில் போனோம். மாதா கோயிலுக்குப் பக்கத்தில் சரள் போட்ட ஒரு சரிவு, கீழே கடற்கரை. அங்கேதான் வண்டியை நிறுத்த இடம் இருந்தது. எதிரே மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம், பட்டுப்பாவாடைப் பெண்கள், புதிதாக வந்திருந்த எங்கள் மேனேஜர். அவர் தன் புது வண்டியில் சாய்ந்துகொண்டு சத்தமாகக் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, இது கப்பல்ல வந்த வண்டியா, இல்ல கப்பலுக்கு முன்னாலயே நீந்தி வந்துட்டுதா?" பெண்கள் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். "நீந்துனா என்ன சார், கரை சேந்துட்டால்லா!"

நான் சலவைச் சட்டை போட்டிருந்தேன். அத்தனை பேர் முன்னால் குனிந்து, சக்கரத்தடியில் கல் வைக்க எனக்கு உடம்பு கூசியது. அவர்கள் உள்ளே போனதும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "கல்லு வச்சாச்சா?" என்று குரல் வந்தது. "வச்சாச்சு" என்றேன். பிறகு கூட்டத்தோடு கோயிலுக்குள் போய்விட்டேன். மறந்தே போனேன்.

பூசை நடக்கும்போது வெளியே கூச்சல் கேட்டது. வண்டி சரிவில் உருண்டு, கரையில் கிடந்த ஒரு வள்ளத்தில் மோதி நின்றிருந்தது. வள்ளத்து நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு மனிதருக்குக் கணுக்கால் முறிந்துவிட்டது. அவரைத் தூக்கி மேனேஜர் வண்டியில் ஏற்றும்போது நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். காரின் கதவைத் திறந்து, பலகைக்குப் பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்து, யாரும் பார்க்காமல் சரிவின் மேலே எறிந்தேன்.

அண்ணாச்சி முகம் வெளிறிப்போய் வந்தார். "ஏலே, கல்லு வச்சேல்லா?"

"வச்சேன் அண்ணாச்சி. நழுவியிருக்கும்."

அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை. காரை ஒரு நிமிஷம் பார்த்தார். "அப்ப அவளுக்கு வயசாயிட்டு. நாந்தான் புரியாம இருந்திருக்கேன்" என்றார்.

அந்த மாதமே கார் பழைய இரும்புக்குப் போயிற்று. கால் முறிந்தவர் மறுபடி கடலுக்குப் போகும்வரை அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஆலந்தலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு தடவை என்னையும் அழைத்துப் போனார். நான் அந்த வீட்டில் கொடுத்த காப்பியைக் குடித்தேன். திரும்பி வரும்போது பஸ் பிரேக் போடும்போதெல்லாம் பக்கத்தில் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆபீஸில் பழைய காரைப் பற்றிக் கேலி பேச்சு வந்தபோதெல்லாம் சொல்லியிருக்கலாம். அவர் அதன் பிறகு கார் ஓட்டவே இல்லை.

இப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. அண்ணாச்சி இறந்து ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் அவருடைய மகன் வந்தான். தினமும் வேலைக்குப் போய்வர ஒரு பழைய கார் பார்த்து வைத்திருக்கிறானாம். "அம்மா வேண்டாம்னு ஒரே பிடியா நிக்காவ மாமா. ஒங்கப்பா பட்டது போதாதாங்காவ. நீங்க தினமும் அதுலதான போனீங்க, அப்பா வண்டி அவ்வளவு மோசமா?"

"வண்டியில ஒரு கொறையும் இல்ல தம்பி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவன், "பின்ன ஏன் உருண்டுச்சு?" என்றான். தகப்பன் மாதிரியே தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "இத அம்மாட்ட வந்து சொல்லுதீயளா?" என்றான்.

மறுநாள் சாயங்காலம் போனேன். அந்த அம்மா நின்றபடியே கேட்டார்கள். முடித்தபோது நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒரு மனுசன் கால ஒடிச்சிட்டேனேன்னு சாகுத வரைக்கும் சொல்லிக்கிட்டே கெடந்தாவ. நானும் சேந்து ஏசுனேன், அந்த ஓட்ட வண்டிய அன்னைக்கே விக்கச் சொன்னேன்லான்னு" என்றார்கள். பிறகு மெதுவாகக் கேட்டார்கள்: "அவுக இருக்கையில ஒம்ம வாய் எங்க போச்சு?"

பதிலுக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. மகனைப் பார்த்து, "அந்த வண்டிய வாங்கிக்கோலே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

வாசலில் அவன் ஸ்கூட்டரை எடுத்தான். "ஏறுங்க மாமா, கொண்டு விடுதேன்." வேண்டாம் என்றேன். அந்த வீட்டு ஆள் ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்து போக அன்று எனக்கு மனம் வரவில்லை. நடந்தே வந்தேன்.